சாமி கும்பிடுகிறவர்களுக்கு அறிவு குறைவா?

நீங்கள் கேட்டவை இரண்டு. 63 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் கடவுள் நம்பிக்கை கூடக்கூட அறிவுத்திறன் குறைகிறது என்று தெரிந்ததாக உங்கள் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார், அது உண்மையா என்பது முதல் கேள்வி. வெள்ளிக்கிழமைகளில் அம்மாவோடு தம்பு செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டால் உங்கள் மூளை கூர்மையாகுமா என்பது இரண்டாவது. இரண்டையும் மனதில் போட்டு அலட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுவது நியாயம். நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆகவே அந்தச் செய்தி என் பக்கத்துக்குத்தான் சாதகம். ஆனாலும் அதைத் தூக்கிப் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

செய்தி பொய்யில்லை. அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிரான் சக்கர்மேனும் அவருடைய சகாக்களும் 2013இல் அந்தக் கணக்கைப் போட்டார்கள். 1928 முதல் 2012 வரை நடந்த 63 ஆய்வுகளில் 53இல் எதிர்மறைத் தொடர்பு (பக்தி கூடினால் மதிப்பெண் குறைவது), 10இல் நேர்த்தொடர்பு. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒட்டுறவுக் கெழு −0.24. இரண்டு விஷயங்கள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை 0க்கும் 1க்கும் இடையே சொல்லும் எண் அது, எதிர்த்திசை என்றால் முன்னால் மைனஸ் வரும். 2020இல் அதே குழு 83 ஆய்வுகளோடு மறுபடி பார்த்தபோதும் ஏறக்குறைய அதே விடைதான் வந்தது. 2022இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைக் கொண்ட 89 ஆய்வுகளை வேறு இருவர் சேர்த்துப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது −0.14. தொடர்பு இருக்கிறது, எதிர்த்திசையில் இருக்கிறது, அளவில் சின்னது. இதுவரை உங்கள் அண்ணன் சொன்னது சரிதான்.

அந்தச் சின்னது எவ்வளவு சின்னது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். −0.24ஐ வர்க்கப்படுத்தினால் சுமார் 0.06 வரும். அதாவது ஆளுக்கு ஆள் அறிவுத்தேர்வு மதிப்பெண்ணில் இருக்கும் வேறுபாட்டில் 6 சதவீதத்தைத்தான் பக்தியோடு பொருத்திப் பார்க்க முடியும். மிச்சம் 94 சதவீதத்துக்கும் பக்திக்கும் சம்பந்தமே இல்லை. 0.14 என்றால் அது 2 சதவீதமாகிவிடும். இன்னும் தெளிவாக வேண்டுமானால் இப்படிப் பாருங்கள். மின்ட் பஸ் நிலையத்தில் நிற்கிறவர்களில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். யாருக்கு பக்தி குறைவு என்பது மட்டும் உங்களுக்குத் தெரியும், அவருக்குத்தான் மதிப்பெண் அதிகம் இருக்கும் என்று சொல்கிறீர்கள். இப்படி 100 ஜோடிகளுக்குச் சொன்னால் 58 முறை சரியாக இருக்கும், 42 முறை தப்பாகும். 0.14 என்று வைத்துக்கொண்டால் 54, 55 முறை. ஒன்றுமே தெரியாமல் காசைச் சுண்டிச் சொன்னாலே 50 முறை சரியாக வரும். உங்கள் அம்மாவைப் பற்றியோ உங்களைப் பற்றியோ ஒரு முடிவுக்கு வர இது போதவே போதாது.

அப்புறம், அளந்தது யாரை? அந்த 63 ஆய்வுகளில் பெரும்பான்மை அமெரிக்காவில் நடந்தவை, அதிலும் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் அதிகம். ஆய்வாளர்களே இந்தக் குறையைச் சொல்லியிருக்கிறார்கள். "கடவுள் இருக்கிறார் என்று எவ்வளவு உறுதியாக நம்புகிறீர்கள்? வேதத்தில் இருப்பது அப்படியே உண்மையா? எத்தனை முறை சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்ற மாதிரிக் கேள்விகள்தான் பக்தியை அளக்கும் கருவி. இதை எடுத்துக்கொண்டு நம் ஊருக்கு வந்தால் எங்கே பொருத்துவது? பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்க்கப் போகிற அதே பெண்மணி, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் பெரம்பூர் லூர்து மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவார். வேதத்தில் இருப்பது அப்படியே உண்மையா என்று அவரிடம் கேட்டால், என்ன கேட்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார். நம் பக்தியில் பாதி வீட்டு வழக்கம், உறவு, நேர்ச்சை, நன்றி. "கடவுள் உண்டு" என்ற கருத்துக்கு டிக் அடிப்பது அதில் ஒரு மூலைதான்.

வள்ளலாரை அந்த அளவுகோலில் நிறுத்திப் பாருங்கள். இதே ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வாழ்ந்தவர், கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் உருகி உருகிப் பாடியவர். பக்திக்கு அவருக்கு நூற்றுக்கு நூறு. அதே மனிதர்தான் பின்னாளில் சாதி, சாத்திரம், சமயச் சண்டை எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொன்னார், 1867இல் வடலூரில் யார் வந்தாலும் சோறு போடத் தருமசாலை திறந்தார். தன் மரபையே கேள்வி கேட்ட அந்தச் சிந்தனையை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

சரி, சின்னதோ பெரியதோ, அந்தத் தொடர்பு எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி. நிதானமாக அலசி யோசிக்கிறவர்கள் கடவுள் நம்பிக்கையை விட்டுவிடுகிறார்கள் என்பது பிரபலமான விளக்கம். 2012இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஒரு ஆய்வு இதற்குப் பெரிய விளம்பரம் கொடுத்தது. தாடையில் கைவைத்து யோசிக்கும் மனிதனாக பிரெஞ்சுச் சிற்பி ரோடான் செய்த சிலையின் படத்தைக் காட்டினாலே கல்லூரி மாணவர்களின் கடவுள் நம்பிக்கை குறைந்ததாம். 2017இல் பல மடங்கு அதிகம் பேரை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது ஒன்றும் நடக்கவில்லை. முதல் ஆய்வைச் செய்த வில் ஜெர்வேஸ் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார், 2018இல் 13 நாடுகளில் பெரிய அளவில் சோதித்தும் பார்த்தார். இந்தியாவும் அதில் உண்டு. அலசும் பழக்கத்துக்கும் நாத்திகத்துக்கும் உள்ள தொடர்பு மொத்தத்தில் பலவீனம், நாட்டுக்கு நாடு மாறுகிறது என்று அவரே எழுதினார். முடிவு தன் பழைய கட்டுரைக்கு எதிராக வந்தபோதும் அதை வெளியிட்டார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அதனால்தான்.

செக் குடியரசும் ஸ்லோவாக்கியாவும் 1993 வரை ஒரே நாடு. இன்று செக் மக்கள் உலகிலேயே மத நம்பிக்கை குறைந்தவர்களில் சேர்த்தி. பக்கத்தில் ஸ்லோவாக்கியர்கள் கணிசமாக பக்தியோடு இருக்கிறார்கள். மூளையில் வித்தியாசம் இருந்து இது வந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு நாட்டவரையும் ஒப்பிட்ட ஒரு ஆய்வு, சின்ன வயதில் பெரியவர்கள் தங்கள் நம்பிக்கைக்காக எதையாவது செய்து காட்டியதைப் பார்த்தார்களா என்பதே பெரிய வித்தியாசம் என்று கண்டது. பெற்றவர்கள் விரதம் இருந்தார்களா, கோயிலுக்கு நடந்தார்களா, இருப்பதைக் கொடுத்தார்களா என்பது. உங்கள் அம்மா வெள்ளிக்கிழமை வேலை முடிந்த களைப்போடும் கோயிலுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்ததால்தான் நீங்கள் போகிறீர்கள். உங்கள் அண்ணன் வேறு நண்பர்களோடு, வேறு கூட்டங்களில் வளர்ந்தார். இரண்டு பேருக்கும் அம்மா ஒருவர், மூளையும் ஏறக்குறைய ஒரே மண்ணில் விளைந்ததுதான்.

இன்னொரு காரணம் இருக்கிறது, எனக்கு அதுதான் மிக முக்கியம். அது பணம், பாதுகாப்பு, நாளைக்கு என்ன ஆகும் என்ற பயம்.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2013இல் வெளிவந்தது. கரும்பில் காசு வெட்டுக்குப் பிறகுதான் மொத்தமாக வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கையில் ஒன்றும் இருக்காது, நகையும் பாத்திரமும் அடகுக் கடைக்குப் போகும். ஒரே விவசாயிக்கு வெட்டுக்கு முன் ஒரு தடவையும் வெட்டுக்குப் பின் ஒரு தடவையும் அறிவுத்தேர்வு வைத்தார்கள். காசில்லாத காலத்தில் மதிப்பெண் தெளிவாகக் குறைந்தது. அதே மனிதர், அதே மூளை. விளைவு எவ்வளவு பெரியது என்பதில் விவாதங்கள் உண்டு. ஆனால் கடன்காரன் வாசலில் நிற்கும்போது கட்டங்களையும் வடிவங்களையும் பார்த்து விடை சொல்லச் சொன்னால் யாருக்குத்தான் மனம் அதில் இருக்கும்?

அடுத்தது கடல். முதல் உலகப்போர்க் காலத்தில் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி பசிபிக் கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் மீனவர்களோடு வாழ்ந்து பார்த்த ஒரு விஷயம் இன்றைக்கும் பாடமாக இருக்கிறது. ஆபத்தில்லாமல், உறுதியாக மீன் கிடைக்கும் உள்வாவியில் மீன் பிடிக்கும்போது அவர்கள் எந்த மந்திரச் சடங்கும் செய்வதில்லை. உயிருக்கு உத்தரவாதம் இல்லாத திறந்த கடலுக்குப் போகும்போதுதான் அத்தனை சடங்கும். ஆள் ஒருவர்தான், தொழில் அறிவும் ஒன்றுதான். மாறியது ஆபத்தின் அளவு.

காசிமேட்டில் இதை நான் பார்த்தே வளர்ந்தேன். என் தாய்மாமன் கடல் தொழில் செய்தவர். ஜூன் மத்தியில் 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் முதல் தொழிலுக்கு இறங்கும்போது படகுக்கு மாலை, சூடம், எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு. கிறிஸ்தவர்களின் படகானால் ஜெபம், மாதா படம். அதைச் செய்துவிட்டு ஜிபிஎஸ் கருவியைப் போடுவார்கள், எந்திரத்தைச் சரிபார்ப்பார்கள், ஐஸும் டீசலும் கணக்குப் பார்ப்பார்கள், காற்றையும் நீரின் நிறத்தையும் பார்த்து எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுப்பார்கள். மாமா ஐந்தாம் வகுப்பு. நீரோட்டம் மாறுவதை அவர் சொன்ன அளவுக்குத் துல்லியமாகச் சொல்ல அறிவு வேண்டாமா? அறிவுத்தேர்வுத் தாளில் அவருக்கு என்ன மதிப்பெண் வந்திருக்குமோ எனக்குத் தெரியாது. சூடம் காட்டியது அறிவு இல்லாததால் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

ஏழ்மை மதிப்பெண்ணைக் குறைக்கிறது. அதே ஏழ்மை தரும் நிச்சயமின்மை கடவுளைத் தேட வைக்கிறது. இந்த இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தால், மேலே பார்க்கிறவருக்கு பக்தியும் குறைந்த மதிப்பெண்ணும் சேர்ந்தே தெரியும். ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. கல்வி வேறுபாட்டைக் கழித்த பிறகும் கொஞ்சம் தொடர்பு மிஞ்சுகிறது என்பது சக்கர்மேன் குழுவின் வாதம், அதையும் சொல்லிவிட வேண்டும். 2016இல் வெப்ஸ்டர், டஃபி என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதே தரவுகளை மறுபடி அலசி, அந்தத் தொடர்பு காலப்போக்கில் தேய்ந்து வருகிறது, கல்வியும் வாழ்க்கைத் தரமும்தான் அதன் பெரும்பகுதியைச் சுமக்கின்றன என்று எழுதினார்கள். எனக்கு இந்தப் பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது. 137 நாடுகளின் சராசரி ஐ.க்யூவை (அறிவுத்தேர்வு மதிப்பெண்ணை) நாத்திக விகிதத்தோடு ஒப்பிட்டு 0.60 என்ற பெரிய எண்ணைக் காட்டிய 2009 ஆய்வு ஒன்றும் சுற்றுகிறது. அதில் பல நாடுகளின் ஐ.க்யூ, சிறு மாதிரிகளிலிருந்து எடுத்த நம்பத்தகாத எண். அதன்மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

உங்கள் அண்ணனின் வாதத்துக்கு மறுபக்க வாதமும் நம் ஊரில் ரொம்பப் பிரபலம். இஸ்ரோ தலைவரே ராக்கெட் மாதிரியை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போகிறார், நீ யார் கேள்வி கேட்க என்பார்கள். ராமானுஜனைச் சொல்வார்கள். உண்மைதான், 1912 மார்ச் முதல் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கெழுதிக்கொண்டு ஜார்ஜ் டவுனில் குடியிருந்தவர், தன் கணிதமெல்லாம் நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருள் என்று நம்பியவர். ஆனால் அவரை உலகுக்குக் காட்டிய ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டி பச்சை நாத்திகர். 1979 இயற்பியல் நோபல் பரிசை ஒரே கண்டுபிடிப்புக்காகப் பகிர்ந்துகொண்டவர்களில் அப்துஸ் சலாம் ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ள முஸ்லிம், ஸ்டீவன் வைன்பெர்க் உறுதியான நாத்திகர். ஒரே சமன்பாட்டுக்கு இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். பெயர்ப் பட்டியலைக் காட்டிக் கடவுள் உண்டு என்பதும் இல்லை என்பதும் ஒரே தரத்துத் தவறு.

அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி உறுப்பினர்களிடம் 1998இல் கேட்டதில் 7 சதவீதம் பேர்தான் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள் என்பதை அண்ணன் எடுத்துவைக்கக்கூடும். அது கனமான எண்தான், ஒதுக்க முடியாது. ஆனால் அங்கே விஞ்ஞானிகளில் நிறையப் பேர் ஏற்கெனவே மதப்பிடிப்பு குறைந்த குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள் என்று சமூகவியலாளர் எலேன் எக்லண்டின் ஆய்வுகள் காட்டின. அவரே இந்தியா உட்பட எட்டு இடங்களில் விஞ்ஞானிகளிடம் விசாரித்தபோது நாட்டுக்கு நாடு படம் வெகுவாக மாறியது. இந்திய ஆய்வகங்களில் சாமி கும்பிடுகிறவர்கள் ஏராளம்.

அறிவுத்தேர்வில் அதிக மதிப்பெண் வாங்குகிறவர்கள் தம் கருத்துக்கு எதிரான ஆதாரத்தை நியாயமாக எடைபோடுவார்கள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கீத் ஸ்டானோவிச் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் இதைச் சோதித்தார். தன் கருத்தின் பக்கமே சாய்ந்து யோசிக்கும் பழக்கத்துக்கும் அறிவுத்திறனுக்கும் தொடர்பு மிகக் குறைவு என்பதே கிடைத்த விடை. கெட்டிக்காரர்கள் தம் தவறுக்கு இன்னும் நல்ல வாதம் கண்டுபிடிக்கக்கூடியவர்கள், அவ்வளவுதான். ஆத்திகர், நாத்திகர் இரண்டு பக்கத்துக்கும் இது பொருந்தும்.

இனி எனக்கு அந்தச் செய்தியைத் தூக்கிப் பிடிக்க மனம் வராததன் காரணம். கடவுளைக் கேள்வி கேட்கும் மரபு இந்த நகரத்துக்கு நேற்று வந்ததில்லை. 1880களிலேயே மதச்சார்பின்மை பேசிய சென்னை லௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்று தமிழில் இதழ் நடத்தி, வேதத்தையும் சடங்கையும் சாதியையும் அலசினார்கள். 1860இல் மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர், இன்று ராஜாஜி சாலையில் ஆட்சியர் அலுவலகக் கட்டடத்துக்கு யாருடைய பெயர் இருக்கிறதோ அவர், 1923இல் இதே சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். பரிணாமம், வானியல் என்று அறிவியலைத் தொழிலாளர்களுக்குப் புரிகிற தமிழில் எழுதினார். பெரியார் பள்ளிக்கூடம் போனது சில ஆண்டுகள்தான். 'கடவுளைக் கற்பித்தவன் முட்டாள்' என்று அவர் கடுமையாகப் பேசினார், உண்மை. ஆனால் அவர் பேசியது யாரிடம்? படிக்கவே விடாமல் ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களிடம். உனக்கும் யோசிக்கும் திறன் இருக்கிறது, எவனோ எழுதி வைத்ததற்குத் தலையாட்டாதே என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

பிறவியிலேயே சிலருக்கு மூளை கூடுதல், அவர்கள்தான் உண்மையைக் காண்பார்கள் என்பது சுயமரியாதை இயக்கம் எதிர்த்துப் போராடிய வாதம். அதையே ஐ.க்யூ என்று பெயர் மாற்றி நாத்திகத்துக்கு ஆதரவாக இழுத்து வருவது அந்த மரபுக்கே துரோகம் என்று நினைக்கிறேன். வடசென்னைப் பிள்ளைகளை மக்கு என்று சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று விலாசத்தைச் சொன்னதும் முகம் மாறுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கையில் இன்னொரு அளவுகோலை நாமே கொடுக்க வேண்டாம். கடவுள் இல்லை என்பதற்கு என்னிடம் காரணங்கள் இருக்கின்றன. உங்கள் அண்ணனிடமும் இருக்கும். அந்தக் காரணங்களை எடுத்து வைத்து அம்மாவோடு உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். அம்மாவும் தன் காரணங்களைச் சொல்லட்டும். யாருடைய மூளை பெரியது என்ற பேச்சு அந்த இடத்தில் எதற்கு?

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கம். கோயிலுக்குப் போவதை நிறுத்தினால் அறிவுத்திறன் கூடும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பக்தியையும் மதிப்பெண்ணையும் ஒப்பிட்ட மேலே சொன்ன ஆய்வுத் திரட்டுகள் இருக்கிற நிலையை அளந்தவை, நம்பிக்கையை விட்டவர்களுக்கு மதிப்பெண் ஏறியதா என்று பார்த்தவை இல்லை. நம்பிக்கை போய்விட்டது என்றால் போவதை நிறுத்துங்கள், இருக்கிறது என்றால் போங்கள். அம்மாவுக்குத் துணையாக மட்டும் போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

மதிப்பெண்ணைக் கூட்டுவது எது என்று நன்றாகவே தெரிந்த ஒன்று உண்டு. 2018இல் ஸ்டூவர்ட் ரிட்சியும் எலியட் டக்கர்-டிராபும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஐ.க்யூ 1 முதல் 5 புள்ளி வரை ஏறுவது தெரிந்தது. குறைப்பது எது என்பதும் தெரியும். ஈயம் கலந்த காற்றும் பெயிண்டும், குழந்தைப் பருவத்துச் சத்துக்குறைவு, அயோடின் பற்றாக்குறை. சென்னைக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தை அளந்து, அது அவர்களுடைய நடத்தையையும் கைகண் ஒருங்கிணைப்பையும் பாதிப்பதைக் காட்டிய ஆய்வுகள் வந்திருக்கின்றன. பழைய பேட்டரிகளை உடைக்கும் பட்டறை உங்கள் தெருவில் இருந்தால், அதன் வாசலில் சின்னப் பிள்ளைகள் விளையாடினால், அதைப் பற்றி மாநகராட்சியிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் புகார் எழுதுங்கள். மனுவில் கையெழுத்துப் போட அண்ணனையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.